கல்லறையைப் பூட்டி வைத்தால் பழவேற்காடு பிழைத்துவிடுமா?

சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டின் டச்சுக் கல்லறை, கோட்டை இடிபாடு, ஏரி, முகத்துவாரம், பறவைகள் சரணாலயம் ஆகியவற்றை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

உங்களில் யாருக்கு இந்த மடலை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் முதல் புகாரே அதுதான். கல்லறைக்கு ஒரு துறை, பறவைக்கு ஒரு துறை, மீனுக்கு ஒரு துறை, சாலைக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் இன்னொன்று. கோட்டை இருந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். ஆகவே எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களில் யாராவது ஒருவர் "இது என் மேஜைக்கு வரவேண்டிய கடிதம்" என்று சொன்னால்கூட அது எங்கள் ஊருக்குப் பெரிய முன்னேற்றம்.

எழுத வைத்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்மையில் வேறு ஒரு வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஊரை மேம்படுத்தப் போகிறார்கள் என்று அங்கே ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். ஏரிக்கரையில் ஓர் அலங்கார வளைவு. விளக்கு போட்ட எழுத்துகளில் ஊர்ப் பெயர். அதற்கு முன்னால் செல்ஃபி எடுக்க மேடை, பக்கத்தில் உணவுக்கடை வரிசை, கார் நிறுத்த சிமெண்ட் தளம். படத்தின் மூலையில் ஒரு பூநாரையும், கல்லறை வாசலில் இருக்கும் எலும்புக்கூடும் சின்னம்போல ஒட்டப்பட்டிருந்தன. சிமெண்ட் தளம் வரைந்திருந்த இடத்தை உற்றுப் பார்த்தேன். படகை இழுத்து நிறுத்தி வலை காயப்போடும் கரை அது. "இவங்க வலையை எங்க உலர்த்துவாங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தது.

அந்த "அப்புறம்" என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். கல்லறைக்குத் தமிழில் ஒரு பலகை வைக்கச் சொன்னபோதும், கோட்டைப் பக்கம் மண்டிய முள்ளை வெட்டச் சொன்னபோதும், முகத்துவாரம் மூடிக்கொண்டபோதும் இதே பதில்தான். இனி இதை அமைதியாக ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது.

நீங்கள் அந்த வரைபடத்தில் ஒட்டி வைத்திருக்கும் பூநாரையும் எலும்புக்கூடும் ஒரே ஊரில் ஏன் இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? இரண்டையும் இங்கே கொண்டுவந்தது ஒரே சங்கதிதான். அது கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் அந்தத் திறப்பு, எங்கள் முகத்துவாரம்.

பழவேற்காட்டை டச்சுக்காரர்களின் ஊர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவர்களுக்குச் சுமார் நூறு வருடம் முன்பே போர்த்துகீசியர் இங்கே வந்துவிட்டார்கள். மகிமை மாதா கோவிலின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. அவர்களுக்கும் முன்பே இது விஜயநகர ஆட்சியின் துறைமுகம். அரபு வணிகர்களின் வழிவந்த முஸ்லிம் குடும்பங்கள் கிழக்கே மலாக்கா வரை துணி ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. 1610-இல் இரண்டாம் வேங்கடபதி ராயரின் அனுமதியோடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலையை அமைத்தது. இரண்டு வருடத்துக்குள் போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். சும்மா பண்டகசாலை வைத்துக்கொண்டு இங்கே தாக்குப்பிடிக்க முடியாது என்று புரிந்த பிறகுதான் 1613-இல் கோட்டை எழுந்தது. அதைக் கட்டி முடித்த வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்கு வைத்தார். கெல்ட்ரியா கோட்டை. சென்னையில் ஆங்கிலேயர் கால் வைத்தது 1639-இல். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இங்கே ஒரு ஐரோப்பியக் கோட்டை நின்றது. 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் முழுவதையும் இங்கிருந்துதான் நடத்தினார்கள்.

ஏன் இங்கே? இந்தக் கரையில் வேறு எத்தனையோ மணல்வெளி இருக்கிறதே? காரணம் ஏரி. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சிறு படகுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, அலை அடிக்காத தண்ணீரில் நின்று சரக்கை ஏற்றி இறக்கும். புயல் வந்தாலும் உள்ளே வந்த படகுக்கு அடைக்கலம் உண்டு. ஏரி இல்லாவிட்டால் கோட்டை இல்லை. கோட்டை இல்லாவிட்டால் நீங்கள் வேலி போட்டுப் பாதுகாக்கும் கல்லறைகளும் இல்லை. இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியை மட்டும் எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, பாரம்பரியத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அறிக்கை எழுதினால் எப்படி?

சரி, அந்தக் கடைசிக் கண்ணியையாவது ஒழுங்காகப் பார்க்கிறீர்களா என்றால், அதுவும் அரைகுறைதான். கடைத்தெருப் பக்கம் இருக்கும் அந்தக் கல்லறைத் தோட்டம் மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம். 76 கல்லறைகள் என்பது கணக்கு. 1656 என்று வருடம் பொறித்த வாசல், இரண்டு பக்கமும் எலும்புக்கூடுச் சிற்பங்கள், உள்ளே ஊசிபோல நிமிர்ந்த நினைவுத்தூண்கள், குடும்பச் சின்னங்களைச் செதுக்கிய பெரிய பெரிய கற்கள். எழுத்தின் நேர்த்தியைப் பார்த்தால் முந்நூற்றைம்பது வருடத்து உப்புக்காற்று பட்ட கல் என்று நம்ப முடியாது. ஒரு கல்லில் கெல்ட்ரியா கோட்டையின் உருவமே செதுக்கப்பட்டிருக்கிறது. கோட்டை இன்று தரையில் இல்லை. இறந்துபோன ஒருவரின் தலைமாட்டில் மட்டும் இருக்கிறது. இதை ஒரு பிள்ளையிடம் காட்டிச் சொன்னால் அவன் வாழ்நாளுக்கும் மறப்பானா?

காட்ட முடிந்தால் சொல்கிறேன். வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போன நாளில் கதவு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று விசாரித்ததில் ஒருவர் சாப்பிடப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டு, கம்பி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பிறகொரு நாள் திறந்திருந்தபோது போனோம். நாங்கள் பார்த்த பலகையில், இந்தச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்பது இருந்தது. புதைக்கப்பட்டவர்கள் யார், எதற்கு வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று ஒரு வரி இல்லை. "சார், இவங்க எதுக்கு நம்ம ஊருக்கு வந்து செத்தாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். அவ்வளவு நல்ல கேள்வியை நான் அதிகம் கேட்டதில்லை. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஓர் ஆசிரியரின் தொண்டைக்கு மட்டும் உரியதா?

பதில் எளிதானதும் இல்லை, இனிமையானதும் இல்லை. அவர்கள் துணிக்காக வந்தார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த துணியைக் கொடுத்தால்தான் இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க முடியும் என்பது அன்றைய வணிகக் கணக்கு. இங்கே நாணயம் அடித்தார்கள். வெடிமருந்து ஆலை நடத்தினார்கள். அப்புறம், மனிதர்களையும் விற்றார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த வருடங்களில், சோற்றுக்கு வழியில்லாமல் தன்னையும் பிள்ளையையும் விற்றவர்களும், பிடித்துவரப்பட்டவர்களும் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலில் அனுப்பப்பட்டார்கள். அந்த வணிகத்தின் முக்கியமான துறைகளில் ஒன்று பழவேற்காடு. அனுப்பியவர்களுக்குக் கல்லறை இருக்கிறது, சிற்பம் இருக்கிறது, வேலி இருக்கிறது. அனுப்பப்பட்டவர்களுக்கு இந்த ஊரில் ஒரு வரி எழுத்து இல்லை. பாரம்பரியம் என்ற சொல்லை நீங்கள் அடிக்கடி பயன்படுத்துவதால் கேட்கிறேன், அது யாருடைய பாரம்பரியம்?

நான் கல்லறையை இடிக்கச் சொல்லவில்லை. இன்னும் நன்றாகப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஊரில் சிலர் "வெள்ளைக்காரன் கல்லுக்கு எதுக்கு இவ்வளவு செலவு" என்பார்கள். எனக்கு அந்தக் கட்சியும் உடன்பாடில்லை. அந்தக் கல்லைத் தூக்கி எறிந்தால் நம்மை விற்றதற்கான சாட்சியையும் சேர்த்துத் தூக்கி எறிகிறோம்.

கோட்டைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதை இடித்தார்கள். 1825-இல் ஊரே அவர்கள் கைக்கு நிரந்தரமாகப் போனது. மிஞ்சியது மேடும், அகழியின் தடமும், அங்கங்கே செங்கல்லும். அதன்மேல் சீமைக்கருவேல் காடுபோல அடைத்து நிற்கிறது. உள்ளே போக வழி இல்லை, போனாலும் எது சுவர் எது மண்மேடு என்று காட்ட ஒரு கல் நட்டு வைத்திருக்கவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் "கோட்டை எங்கே?" என்று கேட்டால் முள்ளுக்காட்டைக் காட்டுகிறோம். நாம் கேலி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக் கோட்டைதான். அங்கே மதில் நிற்கிறது, உள்ளே அகழாய்வு நடந்தது, மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் தொடங்கிய கோட்டைக்குள் அருங்காட்சியகமே இருக்கிறது. இவை இரண்டுக்கும் மூத்த கோட்டை எங்களுடையது. அதற்கு நாங்கள் புதிய மதில் கேட்கவில்லை. தயவுசெய்து பழைய மாதிரி என்று சொல்லி சிமெண்டில் கட்டிவிடவும் வேண்டாம். முள்ளை வேரோடு எடுத்துவிட்டு, அகழியின் எல்லையை அளந்து, எங்கே கொத்தளம் இருந்தது, எங்கே வாசல் இருந்தது என்று தரையில் அடையாளம் வைத்தாலே போதும்.

கோட்டைக்குப் பக்கத்துக் குப்பத்தின் பெயர் கோட்டைக்குப்பம். அங்கே இருப்பவர்கள் மீனவர்கள். உங்கள் வரைபடத்தில் இல்லாதவர்கள் அவர்கள்தான். ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்பதை முறை வைத்துத் தீர்மானிக்கும் பாடு என்ற ஏற்பாட்டை அவர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்துகிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களுக்கு அதில் உரிமை. பாடு முறையில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அதில் இடம் இல்லாத குப்பங்களோடு சச்சரவுகள் வந்திருக்கின்றன, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் பங்கு இல்லை. ஆனாலும் யாரும் சட்டம் போடாமலே, ஒரு பொதுச் சொத்தை அளவோடு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்றால், செங்கல் கோட்டையைவிடப் பழுதில்லாத பாரம்பரியம் அது. அதைப் பற்றி ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் வந்து கேட்கிறார். உள்ளூர் அலுவலகம் கேட்பதில்லை.

இப்போது முகத்துவாரம். உங்களில் பலர் கோப்பில் மட்டும் படித்திருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு முனை நம்மிடம். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன. கடல் முகத்துவாரம் வழியாக உப்புத் தண்ணீரைத் தள்ளுகிறது. ஏற்றத்தில் உள்ளே வந்து வற்றத்தில் வெளியே போகும் இந்தப் போக்குவரத்துதான் ஏரியின் மூச்சு. கடலில் பொரித்த இறால் குஞ்சு அந்த வழியாக உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, முட்டை போட மறுபடி கடலுக்குப் போகிறது. வெள்ளை இறால், நண்டு, மடவை எல்லாமே இந்தத் திறப்பை நம்பித்தான் இருக்கின்றன.

அந்தத் திறப்பில் மணல் சேர்கிறது. வெயில் காலத்தில் ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது, கரையோரமாக நகரும் மணல் மேடுபோட்டு வாயை அடைக்கிறது. அடைத்தால் ஏற்றம் வற்றம் நின்றுபோகும். ஏரி காய்ந்து, உப்பு கடலையும் மிஞ்சும். இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. கடலுக்குப் போகிற படகு மேட்டில் தட்டுகிறது. தட்டி நின்ற படகைத் தள்ளியவர்களின் தோளில் இருக்கும் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் நேர்மாறான தொல்லை. ஆற்று வெள்ளம் வெளியேற இடமின்றிக் குப்பங்களுக்குள் ஏறுகிறது. குப்பத்து ஆட்கள் சொந்தக் காசு போட்டு, மண்வெட்டியோடு இறங்கி வாய்க்கால் வெட்டிய வருடங்கள் உண்டு. சில நாள் ஓடும், ஒரு காற்றில் மறுபடி மூடும்.

முகத்துவாரத்தில் கல் கொட்டிச் சுவர் எழுப்பி நிரந்தரமாகத் திறந்து வைக்கும் திட்டத்தை அரசு கையில் எடுத்ததை நான் வரவேற்கிறேன். மீனவர்கள் நெடுங்காலம் கேட்டது அது. ஆனால் கல் சுவருக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கம் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு மறு பக்கக் கரையை அரித்துத் தின்னும். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் வடக்குப் பக்கத்துக் கரைக்கு என்ன ஆனது என்பதை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் யோசனை பல வருடங்களாகப் பேசப்படுகிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளித் தள்ளிப் போகிறது. ஒரு பக்கம் முகத்துவாரத்தைத் திறக்கப் பணம், இன்னொரு பக்கம் அதே கரையின் மணலோட்டத்தை மாற்றக்கூடிய திட்டம். இரண்டு கோப்பும் ஒரே மேஜையில் சந்தித்ததுண்டா?

பறவைகளைப் பற்றி நீங்களே அழகாகப் பேசுகிறீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் சரணாலயமானது. குளிர்காலத்தில் அண்ணாமலைச்சேரிப் பக்கம் போனால், தண்ணீர் முடிந்து வானம் தொடங்கும் இடத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு தெரியும். அது அசைந்தால்தான் பூநாரை என்று புரியும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கரைக்கு இன்னும் நெருக்கமாகவே வரும். பூநாரைக்கு முழங்கால் ஆழச் சேற்றுத்தண்ணீர் வேண்டும். தலையைக் கவிழ்த்து அலகால் சலித்துத் தின்னும் பறவை அது. ஏரி ஆழமானாலும் அதற்கு ஆகாது, காய்ந்தாலும் ஆகாது. முகத்துவாரம் கெட்டால் மீனவனுக்கு அடுத்து ஊரைவிட்டுப் போவது அதுதான். ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டையில் பூநாரைக்கென்று திருவிழாவே நடத்துகிறார்கள். ஒலிபெருக்கி வைத்துக் கொண்டாடுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்றாலும், அங்கே அந்தப் பறவைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. இங்கே விடுமுறை நாளில் வருகிறவர்களுக்குப் பறவையை எங்கிருந்து, எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பது என்று சொல்ல ஆளில்லை.

படகுச் சவாரி பற்றியும் பேச வேண்டும், ஊரில் பலர் பேசத் தயங்கினாலும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில் இந்த ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சவாரிக்குத் தடை வந்தது. தடை போட்டதில் தவறில்லை. ஆனால் தடையோடு வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டதுதான் தவறு. ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். படகு வேண்டும் என்று கெஞ்சுகிறார்கள், காசு காட்டுகிறார்கள். வருமானம் இல்லாத நாளில் ஒரு மீனவர் எத்தனை பேரிடம் "முடியாது" என்று சொல்வார்? மிதவைச் சட்டை, ஆள் வரம்பு, பயிற்சி, உரிமம் ஆகியவற்றோடு குப்பத்துச் சங்கமே நடத்தும் படகுகள் இருந்தால் உயிரும் தப்பும், வருமானமும் ஊரில் தங்கும். இதற்கு அலங்கார வளைவைவிடச் செலவு குறைவுதான்.

உங்கள் படத்தில் இடம் கிடைக்காத இன்னும் சிலதையும் சொல்லிவிடுகிறேன். செம்பாறைக் கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோவிலில், விரற்கடை அளவுச் சிற்பங்களில் ராமாயணம் இருக்கிறது. விஜயநகர காலத்து வேலை. சின்னப் பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் இருக்கிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய பழைய ஏடுகளை வீட்டில் வைத்திருந்த குடும்பங்கள் இங்கே உண்டு. முஸ்லிம் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பனை ஓலையில் பின்னும் பெட்டிகளைப் பார்த்தால், ஓலைக்கு இத்தனை நிறமும் இத்தனை மடிப்பும் வருமா என்று தோன்றும். அந்தப் பெண்களிடம் இடைத்தரகர் கொடுக்கும் விலை என்ன என்று கேளுங்கள். நான் இங்கே எழுதக் கூச்சப்படுகிறேன். கோவில், பள்ளிவாசல், மாதா கோவில், டச்சுக் கல்லறை எல்லாம் நடந்தே பார்த்துவிடும் தூரத்தில் இருக்கும் ஊர் இது. சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள். இத்தனை இருந்தும், வந்தவர்கள் மீன் வறுவல் சாப்பிட்டு, பிளாஸ்டிக் தட்டைக் கரையில் போட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க எதுவும் இல்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே என் கோரிக்கைகள். எல்லாம் செய்யக்கூடியவை, பெரும்பாலானவை செலவு குறைந்தவை.

ஏரிக்கரைச் சிமெண்ட் திட்டத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். கரையில் எது படகுக்கு, எது வலைக்கு, எது மீன் ஏலத்துக்கு என்பதைக் குப்பத்து ஆட்களோடு நடந்துபோய்க் குறித்துக்கொண்டு, அதன் பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் வண்டி நிறுத்தம் பற்றிப் பேசுங்கள். அந்த நடையில் மீன் விற்கும் பெண்களும் இருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் கூடிப் பேசினால் ஏலக்கூடத்துக்குக் கழிப்பறை வேண்டும் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தின் திறப்பு நேரத்தை வாசலில் எழுதி, அந்த நேரத்தில் திறந்து வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளுக்கு முன்கூட்டியே சொல்ல ஒரு தொலைபேசி எண் வேண்டும். உள்ளே தமிழில் விளக்கப் பலகைகள் வையுங்கள். துணி வணிகம், வெடிமருந்து, அடிமை வணிகம் மூன்றையும் மறைக்காமல் எழுதுங்கள். டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் தி ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கிருந்து கெல்ட்ரியாவின் பழைய வரைபடங்களின் நகல்களைக் கேட்டு வாங்கி, ஊரிலேயே ஒரு கட்டடத்தில் வையுங்கள். புதிதாகக் கட்ட வேண்டாம், பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் இங்கே நிறைய உண்டு.

கோட்டை இருந்த நிலம் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் சொல்லுங்கள். பிறகு சீமைக்கருவேலை வேரோடு அகற்றி, நிலத்தை அளந்து, எல்லையைக் குறியுங்கள். முறையான ஆய்வு முடியும்வரை அங்கே பொக்லைன் இறங்கக் கூடாது.

முகத்துவாரத்தில் ஆழம் எவ்வளவு, மணல் எந்தப் பக்கம் சேர்கிறது, எந்தக் கரை அரிக்கிறது என்ற அளவுகளை மாதம் ஒருமுறை எடுத்து, மீன் இறங்கும் தளத்தில் தமிழில் ஒட்டுங்கள். அளக்கப் போகும் படகில் குப்பத்து ஆள் ஒருவர் இருக்கட்டும். துறைமுக விரிவாக்கம் பற்றிய எந்த முடிவுக்கும் முன்னால், அது இந்த முகத்துவாரத்தை என்ன செய்யும் என்ற ஆய்வைத் தமிழில் முழுமையாக வெளியிடுங்கள். நூறு பக்கத்துக்கு ஆங்கிலமும் நாலு பக்கத்துக்குத் தமிழ்ச் சுருக்கமும் எங்களுக்குப் போதாது.

படகுச் சவாரியை உரிமத்தோடும் பாதுகாப்போடும் மீனவர் சங்கங்களிடம் கொடுங்கள். பறவைகளைக் காட்டவும், ஊரைச் சுற்றிக் காட்டவும் உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து அடையாள அட்டை கொடுங்கள். பனை ஓலைப் பெண்களுக்கு, சுற்றுலா வருகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் வாடகை இல்லாத ஒரு விற்பனைக் கூடம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் துறைகள் எல்லாம் ஒரே நாளில், ஒரே இடத்தில், பழவேற்காட்டிலேயே கூடி உட்காரும் ஒரு கூட்டத்தை அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் நடத்துங்கள். இந்த மடலின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற பதிலைக் கையெழுத்தோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். "முடியாது" என்பதும் பதில்தான், காரணத்தோடு எழுதினால் படித்துக்கொள்கிறோம். "அப்புறம்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
பழவேற்காட்டில் வரலாறு நடத்திய ஓர் ஆசிரியர்